டேனிஷிலிருந்து மலகாசிக்கு: அன்றாடப் பேச்சை மொழிபெயர்க்கத் தொடங்குவோருக்கு

மாடி வீட்டு அம்மா டேனிஷில் இரண்டே வரி எழுதிக் கொடுத்தார். நாங்கள் ஆறரைக்குச் சாப்பிடுவோம், அதற்கு அப்புறம் வாருங்கள் என்று பொருள். கீழ் வீட்டுக்கு மடகாஸ்கரிலிருந்து புதிதாகக் குடிவந்த குடும்பம் அவரிடமிருந்து ஒரு பழைய சைக்கிளை எடுத்துக்கொள்வதாக ஏற்பாடு. இடையில் தூது போனது நான். வரிகளைக் கைப்பேசிச் செயலி ஒன்றில் போட்டேன், வந்த மலகாசியை அப்படியே அனுப்பிவிட்டேன். அன்று மாலை ஏழரைக்கு அந்தக் குடும்பம் நான்கு பேருமாக, நல்ல உடுப்பு உடுத்தி, ஒரு கிண்ணம் லசாரியுடன் மாடி வாசலில் நின்றது. லசாரி என்பது அவர்கள் ஊரில் சோற்றோடு தொட்டுக்கொள்ளும் காய்கறி ஊறுகாய். விருந்துக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று நினைத்து வந்திருக்கிறார்கள். மாடியில் தட்டெல்லாம் கழுவிக் கவிழ்த்தாகிவிட்டது.

இரண்டு வரியில் எத்தனை தவறு என்று பிறகு உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன். டேனிஷ் வரி இது: ‘வி ஸ்பீசர் க்லொக்கென் ஹால் ஸ்யூ’. இதில் ‘வி’ என்றால் நாம், நாங்கள் இரண்டும்தான். மலகாசியில் நம்மைப் போலவே இரண்டு தனிச் சொற்கள் உண்டு. ‘இசிக’ என்றால் நாம், ‘இஸஹை’ என்றால் நாங்கள். செயலி ‘இசிக’ போட்டுவிட்டது. அப்புறம், ‘ஹால் ஸ்யூ’. சொல்லுக்குச் சொல் பார்த்தால் ‘அரை ஏழு’. டேனிஷ்காரருக்கு அது ஏழை நோக்கிப் பாதி வழி, அதாவது ஆறரை. மலகாசிக்கு அது ஏழும் பாதியும் ஆகிப் போனது. ‘நாங்கள் ஆறரைக்குச் சாப்பிடுவோம்’ என்பது ‘நாம் ஏழரைக்குச் சாப்பிடுவோம்’ என்று போய்ச் சேர்ந்துவிட்டது.

அன்றைக்கு என் தலையில் உறைத்தது இதுதான்: இந்த இரண்டு வரியையும் முதலில் தமிழில் சொல்லிப் பார்த்திருந்தால் இரண்டு தவறும் நடந்திருக்காது. தமிழில் நாம், நாங்கள் என்று பிரிக்காமல் வாய் திறக்கவே முடியாது. இந்த இரு மொழிகளுக்கும் நடுவே ஆங்கிலத்தைப் பாலமாக வைத்துப் பழகியவர்கள், ஒருமுறை தமிழைப் பாலமாக வைத்துப் பாருங்கள். மலகாசிப் பக்கம் தமிழ் எவ்வளவு ஒத்துப் போகிறது என்பது ஆச்சரியமாக இருக்கும்.

ஒரு குறிப்பு. டேனிஷ், மலகாசிச் சொற்களை இங்கே தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். ஒலி கிட்டத்தட்டத்தான் வரும். மலகாசிச் சொற்களில் ‘ச’ சாதாரண ஒலி, ‘ஸ’ வண்டு ரீங்காரம் போல அதிரும் ஒலி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

1. முதலில் காது

டேனிஷின் எழுத்தை நம்பாதீர்கள். சொல்லின் பாதி எழுத்து வாயில் கரைந்துவிடும். ‘என் பெயர் இன்னது’ என்பதற்கு ‘யை ஹெத்தர்’ என்கிறார்கள். அந்த நடு எழுத்து தகரமும் இல்லை, லகரமும் இல்லை. நாக்கு நுனி கீழ்ப்பல்லைத் தொட்டும் தொடாமலும் இருக்கும்போது வரும் ஒரு வழுக்கல். இன்னொன்று, தொண்டையில் ஒரு சின்ன விக்கல். டேனிஷில் அதற்கு ‘ஸ்டோத்’ என்று பெயர். ‘ஹுன்’ என்று நேராகச் சொன்னால் அவள். அதே ‘ஹுன்’னைத் தொண்டையில் நிறுத்திச் சொன்னால் நாய். பயப்பட வேண்டாம், சூழ்நிலை காப்பாற்றிவிடும். ஆனால் பேச்சைக் கேட்டு மொழிபெயர்ப்பவர் இந்த விக்கலுக்குக் காதைப் பழக்கத்தான் வேண்டும்.

மலகாசி நேர்மையான மொழி. 21 எழுத்துகள். 1820களில் முதலாம் ரதாமா மன்னர் காலத்தில் ரோமன் எழுத்தில் எழுத முடிவானது. மூன்று விதிகள் போதும். ஒன்று, ‘ஓ’ போலத் தெரியும் எழுத்து பெரும்பாலும் ‘உ’ என்றே ஒலிக்கும். ரொட்டி, பலகாரத்துக்கான சொல்லை ‘மோஃபோ’ என்று படிக்காதீர்கள், ‘மூஃபு’. இரண்டு, கடைசி உயிரொலி மங்கிப் போகும். ‘நன்றி’ என்பது எழுத்தில் ‘மிசாவ்ட்ர’, காதில் விழுவது ‘மிசாவ்ட்ர்’. மூன்று, அழுத்தம் பெரும்பாலும் கடைசிக்கு முந்தைய அசையில். விடைபெறும்போது சொல்லும் ‘வெலுமா’வில் ‘லு’ தூக்கி ஒலிக்கும். உயிரோடிருப்பதைக் குறிக்கும் ‘வெலுன’ என்ற சொல்லிலிருந்து வந்தது அது. ‘வாழ்க’ என்று சொல்லி அனுப்புவது மாதிரி.

வணக்கம் மட்டும் ஊருக்கு ஊர் மாறும். தலைநகர் இருக்கும் மேட்டுநிலத்தில் ‘மனா ஓன’. கடற்கரைப் பக்கம் ‘சலாமா’ அதிகம். வடக்கே ‘ம்பூல த்சாரா’ கேட்கும். பாடப்புத்தக மலகாசி மேட்டுநில மெரினா மக்களின் பேச்சை அடிப்படையாகக் கொண்டது. நீங்கள் மொழிபெயர்ப்பது யாருக்காக, அவர் எந்தப் பக்கத்துக்காரர் என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

2. தமிழ் வாக்கியத்தைத் திருப்பிப் போடுங்கள்

இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை, ஒரு நாள் தாளில் எழுதும்போது தானாகக் கண்ணில் பட்டது. ‘நான் ரொட்டி வாங்குகிறேன்’ என்பது மலகாசியில் ‘மிவீதி மூஃபு ஆவு’. வாங்குகிறேன், ரொட்டி, நான். தமிழை வலமிருந்து இடமாகப் படித்தால் மலகாசி வந்துவிடுகிறது. நமக்கு வினை கடைசியில், அவர்களுக்கு வினை முதலில், ஆள் கடைசியில்.

வாக்கியத்தோடு இது நிற்கவில்லை. நாம் ‘பெரிய வீடு’ என்போம், அவர்கள் ‘வீடு பெரிய’ என்பார்கள். நாம் ‘அம்மாவின் வீடு’ என்போம், அவர்கள் வீட்டை முன்னால் வைத்து அம்மாவைப் பின்னால் ஒட்டுவார்கள். ‘ரனு’ என்றால் நீர், ‘மாசு’ என்றால் கண். ‘ரனுமாசு’ என்றால்? கண்ணீரேதான், கண்ணாடியில் பார்த்த மாதிரி. சூரியனுக்கு ‘மசுவான்ட்ரு’, பகலின் கண். இந்த மொழி ஆப்பிரிக்காவை ஒட்டிய தீவில் பேசப்பட்டாலும், இதன் நெருங்கிய சொந்தம் போர்னியோ தீவின் தென்கிழக்கில் பேசப்படும் மாஅன்யான். நார்வேயிலிருந்து மடகாஸ்கருக்குப் போன மிஷனரி ஓட்டோ கிறிஸ்டியன் டால், 1951இல் வெளியிட்ட நூலில் அந்த உறவை விரிவாக நிறுவினார்.

டேனிஷ் இந்த இரண்டுக்கும் நடுவே நிற்கிறது. கேள்வியாக இல்லாத சாதாரண வாக்கியத்தில் வினை இரண்டாம் இடத்தில். ‘யை கோபர் ப்ரோத்’ என்றால் நான் ரொட்டி வாங்குகிறேன். ‘இன்று’ என்பதை முன்னால் கொண்டுவந்தால் ‘இ டா கோபர் யை ப்ரோத்’ ஆகிவிடும். வினை இடம் மாறாது, ‘நான்’தான் நகர வேண்டும். ஆகவே மலகாசியிலிருந்து டேனிஷுக்கு வரும்போது என் பழக்கம் இது: வினையைத் தாளின் நடுவில் எழுதிவிட்டு, முன்னால் எதை வைப்பது என்று பிறகு முடிவு செய்வேன்.

காலம் காட்டுவதில் ஒரு பொறி இருக்கிறது. டேனிஷில் எதிர்காலத்துக்கும் நிகழ்கால வடிவமே போதும். நாளைக்கு வாங்குவதற்கும் ‘கோபர்’தான். மலகாசி விடாது. வினையின் முதல் எழுத்திலேயே காலம் தெரிய வேண்டும். ‘மிவீதி’ வாங்குகிறேன், ‘நிவீதி’ வாங்கினேன், ‘ஹிவீதி’ வாங்குவேன். மாடி வீட்டு அம்மாவின் வரியில் இருந்த மூன்றாவது கோளாறு இது. இன்றைக்கு மாலை நடக்கப் போவதற்கு நிகழ்கால வடிவம் போயிருந்தது.

3. நாம், நாங்கள், அவர், அண்ணன்

‘வி’ பற்றிச் சொல்லிவிட்டேன். டேனிஷ் வரியில் ‘வி’யைக் கண்டதும் கையை நிறுத்துங்கள். கேட்பவரும் அதில் சேர்த்தியா என்று எழுதியவரிடமே கேட்டுவிடுங்கள். எதிர்த்திசையில் இந்தத் தொல்லை இல்லை, ‘இசிக’வும் ‘இஸஹை’யும் டேனிஷில் ‘வி’ ஆகிவிடும். ஆனால் அங்கே ஏதோ தொலைகிறது என்பதை நினைவில் வையுங்கள். யாராவது ‘இசிக’ என்று சொல்லி உங்களையும் சேர்த்துக்கொண்டால், டேனிஷில் ‘நீங்களும் நாங்களும்’ என்று கொஞ்சம் நீட்டிச் சொல்வது நல்லது.

‘அவன்’, ‘அவள்’ விஷயத்தில் தொல்லை தலைகீழ். மலகாசியில் ‘இஸி’ ஒன்றுதான், ஆணா பெண்ணா என்று காட்டாது. டேனிஷில் ‘ஹான்’ அல்லது ‘ஹுன்’ என்று ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். மருத்துவரைப் பற்றிய வரி வந்தால் செயலி தானாக ஆண் ஆக்கிவிடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

உறவுமுறைக்கு வருவோம். டேனிஷ் பாட்டி தாத்தாக்கள் யாழ்ப்பாணத் தமிழருக்குச் சொந்தவீடு மாதிரி. ‘மோர்’ அம்மா, ‘ஃபார்’ அப்பா. ‘மோர்மோர்’ அம்மம்மா, ‘ஃபார்மோர்’ அப்பம்மா, ‘மோர்ஃபார்’ அம்மப்பா, ‘ஃபார்ஃபார்’ அப்பப்பா. மலகாசியில் இந்தப் பிரிவு கிடையாது. தாத்தா என்றால் ‘தாதாபே’, பாட்டி என்றால் ‘ரெனிபே’. ‘பே’ என்றால் பெரிய. ஆக ‘மோர்மோர்’ மலகாசிக்குப் போகும்போது ‘அம்மா வழி’ என்பது விழுந்துவிடும். அது செய்தியில் முக்கியமானால் தனியாக ஒரு சொல் சேர்க்க வேண்டும், இல்லையென்றால் விட்டுவிடலாம்.

சகோதரரிடம் வந்தால் மலகாசி கணக்குக் கேட்கும். டேனிஷில் ‘ப்ரோர்’ என்றால் சகோதரன், அவ்வளவுதான். மலகாசியில் பேசுபவர் ஆணா பெண்ணா என்பதும் தெரிய வேண்டும். ஆணுக்குச் சகோதரன் ‘ரஹலாஹி’, பெண்ணுக்குச் சகோதரன் ‘அனதாஹி’. ஆணுக்குச் சகோதரி ‘அனபாவி’, பெண்ணுக்குச் சகோதரி ‘ரஹவாவி’. இதுபோக மூத்தவர் ‘ஸூகி’, இளையவர் ‘ஸான்ட்ரி’. இந்த இரண்டும் ஆண், பெண் இருபாலாருக்கும் பொது. மூத்தவரா இளையவரா என்பது மனதில் தானாக வந்து நிற்பது நம் ஆட்களுக்குப் பழக்கம்தான்.

பெயர் கேட்கும் முறையையும் பாருங்கள். டேனிஷில் ‘வா ஹெத்தர் டு’, என்ன பெயர் உனக்கு. மலகாசியில் ‘இஸா நு அனரனாவ்’, சொல்லுக்குச் சொல் ‘யார் உன் பெயர்’. பெயர் ஒரு பொருள் இல்லை, அது ஆள் என்பது போல. மலகாசிப் பெயர்கள் நீளமானவை, குடும்பப் பெயர் என்று ஒன்று தலைமுறை தலைமுறையாக வராமலும் இருக்கும். டேனிஷ் விண்ணப்பத்தில் முதற்பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டம் இருந்தால் உங்கள் சாமர்த்தியத்தைக் காட்டாதீர்கள். கடவுச்சீட்டில் எப்படிப் பிரித்திருக்கிறதோ அப்படியே எழுதுங்கள்.

4. நன்றி, தயவுசெய்து, மன்னிப்பு

இதுதான் நாள் முழுக்க வேண்டியிருக்கும் பகுதி. இங்கே அகராதி அதிகம் உதவாது.

டேனிஷில் ‘தயவுசெய்து’ என்பதற்கு அன்றாடம் புழங்கும் ஒற்றைச் சொல் இல்லை. மரியாதை கேள்வி வடிவத்தில் இருக்கிறது. ‘கான் யை ஃபோ என் கொப் கஃபெ’, எனக்கு ஒரு கோப்பை காப்பி கிடைக்குமா. அதற்கு மேல் ‘லீ’ என்று ஒரு சின்னச் சொல்லை நடுவில் செருகி வேண்டுகோளை இளக்குவார்கள். நாம் ‘கொஞ்சம் அதை எடுங்களேன்’ என்பதில் வரும் ‘கொஞ்சம்’ அதுவே.

மலகாசியில் அந்த வேலையை ‘ம்பா’வும் ‘அஸஃபாதி’யும் செய்யும். தண்ணீர் வேண்டுமானால் ‘ம்பா உமேவு ரானு ஆவு அஸஃபாதி’. ‘அஸா’ என்றால் வேண்டாம், ‘ஃபாதி’ என்றால் விலக்கு, தீட்டு. ‘இது விலக்காகாமல் போகட்டும்’ என்பது அந்தச் சொல்லின் உள்ளே இருக்கும் பொருள். மடகாஸ்கரில் ஒவ்வொரு ஊருக்கும் குடும்பத்துக்கும் தனித்தனி ‘ஃபாதி’ உண்டு. இன்னதைத் தின்னக்கூடாது, இந்த நாளில் இந்த வேலை கூடாது என்று. அதனால் இது வெறும் மரியாதைச் சொல் இல்லை.

‘அஸஃபாதி’யை டேனிஷுக்குக் கொண்டுவரும்போது அதற்கு இணையான சொல்லைத் தேடி அலையாதீர்கள். வேண்டுகோளானால் வாக்கியத்தைக் கேள்வியாக்கி, கடைசியில் ‘தாக்’ என்று நன்றியை ஒட்டிவிடுங்கள், போதும். வழி கேட்கும்போதோ, ஆட்களைத் தாண்டிப் போகும்போதோ சொன்ன ‘அஸஃபாதி’யானால் ‘உன்ஸ்குல்’. இதே ‘உன்ஸ்குல்’ டேனிஷில் மன்னிப்புக்கும் வரும் என்பதால் திரும்பும் வழியில் இரண்டாகப் பிரியும். வழிவிடச் சொல்ல ‘அஸஃபாதி’. தவறு செய்துவிட்டு மன்னிப்புக் கேட்க ‘மியாலா த்சினி’, பழியை நீக்கிக்கொள்கிறேன் என்பது போல. பெரியவர்கள் உட்கார்ந்திருக்கும் இடத்தைத் தாண்டும்போது மலகாசிக்காரர் உடம்பைக் கொஞ்சம் குனிந்து, கையை முன்னால் நீட்டி ‘அஸஃபாதி’ சொல்லிக்கொண்டே போவார். அந்தக் குனிவை டேனிஷில் எந்தச் சொல்லாலும் கொண்டுவர முடியாது.

மன்னிப்புக்குப் பதிலாக டேனிஷில் ‘டே கோர் இக்கெ நோத்’, மலகாசியில் ‘த்சி மனினுன’. இரண்டும் ‘பரவாயில்லை’தான். இந்த ஒரு ஜோடி மட்டும் கண்ணை மூடிக்கொண்டு மாற்றிக்கொள்ளலாம்.

இனி நன்றி. டேனிஷ்காரர் எதற்கும் ‘தாக்’ சொல்வார். சாப்பாடு முடிந்ததும் ‘தாக் ஃபோ மாத்’, சாப்பாட்டுக்கு நன்றி. சமைத்தவர் ‘வெல்பெகொம்மெ’ என்பார், உடம்பில் ஒட்டட்டும் என்ற மாதிரி. சாப்பிட ஆரம்பிக்கும்போதும் இதே ‘வெல்பெகொம்மெ’ வரும். இங்கேதான் குழி. மலகாசியில் சாப்பிடத் தொடங்கும்போது சொல்வது ‘மஸுதுவா ஹுமானா’, நன்றாகச் சாப்பிடுங்கள். இரண்டையும் இணையாக எழுதி வைத்துக்கொண்டீர்கள் என்றால், சாப்பிட்டு எழுந்து நன்றி சொல்கிறவரிடம் ‘நன்றாகச் சாப்பிடுங்கள்’ என்று சொல்வீர்கள். சாப்பாட்டுக்குப் பின் வந்தால் ‘த்சி மிசி ஃபிசவுரானா’ என்று மாற்றுங்கள், நன்றியெல்லாம் எதற்கு என்ற பொருளில்.

அடுத்தது ‘தாக் ஃபோ சிஸ்ட்’. போன வாரம் ஒருவர் வீட்டில் விருந்து சாப்பிட்டுவிட்டு இந்த வாரம் கடையில் அவரைப் பார்த்தால் டேனிஷ்காரர் முதலில் சொல்வது இதைத்தான், ‘கடந்த முறைக்கு நன்றி’. அப்படியே மலகாசியில் போட்டால் எந்த முறை என்று விழிப்பார்கள். நடந்ததைச் சொல்லி நன்றி கூறுங்கள், ‘மிசாவ்ட்ர தமினி ஃபனசானா’, அழைப்புக்கு நன்றி. இந்த ‘ஃபனசானா’வின் வினைச்சொல் ‘மனாசா’, அழைப்பது. தட்டுக் கழுவுவதற்கும் துணி துவைப்பதற்கும் உள்ள சொல்லும் ‘மனாசா’தான். விருந்தினரை அழைத்தார்களா அலசினார்களா என்று செயலி குழம்பினால் கோபப்படாதீர்கள்.

மரியாதைச் சொல் ஒன்று பாக்கி. மலகாசியில் பெரியவரிடமோ அறிமுகமில்லாதவரிடமோ பேசும்போது வாக்கிய முடிவில் ‘தும்ப்புகு’ சேர்ப்பார்கள், நம் ‘ஐயா’, ‘அம்மா’ போல. டேனிஷில் 1970களிலிருந்தே மரியாதைப் பன்மையான ‘டி’ ஒதுங்கிப் போய், ஆசிரியர், மேலாளர், மருத்துவர் எல்லாரும் ‘டு’ ஆகிவிட்டார்கள். டேனிஷிலிருந்து மலகாசிக்குப் போகும்போது ‘தும்ப்புகு’வை நீங்களாகச் சேர்க்க வேண்டும். மூல வரியில் இல்லையே என்று விட்டால், எழுபது வயதுக்காரரிடம் சின்னப் பையனிடம் பேசுவது போல ஆகிவிடும். மொழிபெயர்ப்பவர் சொந்தமாக எதையும் சேர்க்கக்கூடாது என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களை ஒரு மலகாசிப் பாட்டியிடம் அனுப்பிப் பார்க்க ஆசை.

5. எண்ணும் மணியும்

எண்களில் ஒரு இனிமையான ஒற்றுமை உண்டு. 25க்கு டேனிஷில் ‘ஃபெம்-ஒ-ட்யூவெ’, ஐந்தும் இருபதும். மலகாசியில் ‘திமி அம்பி ருவாபுலு’, இருபதுக்கு மேல் ஐந்து. இரண்டிலும் ஐந்து முன்னால், இருபது பின்னால். தமிழில் ‘இருபத்தைந்து’, மறுபடி கண்ணாடி.

நூறைத் தாண்டினால் வழி பிரிகிறது. மலகாசி கடைசி வரை சின்னதிலிருந்து பெரியதுக்குப் போகும். 1972ஐ இரண்டு, எழுபது, தொள்ளாயிரம், ஆயிரம் என்ற வரிசையில் படிப்பார்கள். காதால் கேட்டு எழுதுகிறவர் வலப்பக்கத்திலிருந்து எழுதப் பழகிக்கொண்டால் சுலபம். லட்சத்துக்கு அவர்களிடம் தனிச் சொல் உண்டு, ‘ஹெத்சி’. டேனிஷுக்கும் ஆங்கிலத்துக்கும் அது கிடையாது, நூறு ஆயிரம் என்று சுற்ற வேண்டும்.

டேனிஷின் தலைவலி 50 முதல் 90 வரை. ‘ஹால்ட்ரெஸ்’ என்றால் 50. இதன் பழைய முழு வடிவத்துக்குப் பொருள் ‘அரை-மூன்றாவது தடவை இருபது’. மூன்றாவதில் பாதி, அதாவது இரண்டரை. இரண்டரை இருபது ஐம்பது. ‘ட்ரெஸ்’ மூன்று இருபது, 60. ‘ஹால்ஃபியெர்ஸ்’ மூன்றரை இருபது, 70. ‘ஃபீர்ஸ்’ 80, ‘ஹால்ஃபெம்ஸ்’ 90. மணியிலும் இதே புத்திதான். ‘ஹால்’ வந்தால் அடுத்து வரும் எண்ணிலிருந்து அரையைக் கழித்துக்கொள்ளுங்கள். மலகாசி நம்மைப் போல, ‘எனின சி சசானி’ என்றால் ஆறும் பாதியும், ஆறரை. சந்தேகம் வந்தால் 18.30 என்று இலக்கத்தில் எழுதிவிடுங்கள். டேனிஷ்காரர்களும் எழுத்தில் 24 மணிக் கணக்கையே வைத்திருக்கிறார்கள்.

டேனிஷ்காரர் தேதி சொல்வதற்குப் பதில் வார எண் சொல்வார். பள்ளிகளின் இலையுதிர்கால விடுமுறை 42ஆம் வாரம் என்று ஊருக்கே தெரியும். மலகாசிக்கு மாற்றும்போது வார எண்ணை அனுப்பாதீர்கள், நாட்காட்டியைப் பார்த்துத் தேதியாக்குங்கள். விலையிலும் கவனம் வேண்டும். மடகாஸ்கரில் பழைய ஃபிராங்குக்குப் பதிலாக 2005இல் ஆரியாரி வந்தது. ஓர் ஆரியாரி என்றால் ஐந்து பழைய ஃபிராங்கு. சந்தையில் வயதானவர்கள் இன்னும் பழைய கணக்கில் விலை சொல்வதுண்டு. தொகை நம்ப முடியாத அளவுக்குப் பெரிதாக இருந்தால், எந்தக் கணக்கு என்று கேட்டுவிட்டு மொழிபெயருங்கள்.

6. கருவிகள்

டேனிஷுக்குக் கவலை இல்லை. ‘டென் டான்ஸ்கெ ஓர்ட்போக்’ அகராதி இணையத்தில் இலவசமாக இருக்கிறது, பல சொற்களுக்கு ஒலிப்பதிவும் உண்டு. டேனிஷின் மூன்று கூடுதல் உயிரெழுத்துகள் அகரவரிசையின் கடைசியில் வரும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

மலகாசி அகராதியில் சொல்லைத் தேடுவதற்கு ஒரு பயிற்சி தேவை. முன்னொட்டைக் கழற்றி வேரைக் கண்டுபிடிக்க வேண்டும். ‘ஹிவீதி’யைத் தேடினால் கிடைக்காது, ‘வீதி’யில் இருக்கும். 1885இல் வந்த ரிச்சர்ட்சனின் மலகாசி–ஆங்கில அகராதி இப்படி வேர்வழியில்தான் அடுக்கப்பட்டிருக்கிறது, பின்னால் வந்த பலவும் அப்படியே. மலகாசி விக்சனரி என்ற இணைய அகராதியில் லட்சக்கணக்கான பதிவுகள் இருப்பதைப் பார்த்து மயங்காதீர்கள். பெரும்பகுதி தானியங்கி நிரல் சேர்த்தது. குறிப்பு தேட நல்லது, தீர்ப்புக்கு ஆகாது.

செயலிகளைப் பயன்படுத்தாதீர்கள் என்று சொல்ல மாட்டேன், நானும்தான் பயன்படுத்துகிறேன். ஆனால் இப்படி அரிதான ஜோடிக்குப் பல செயலிகள் நடுவில் ஆங்கிலத்தைத் தொட்டுவிட்டுத்தான் போகும். ‘நாம்–நாங்கள்’ அங்கேயே விழுந்துவிடும். வந்த மலகாசியை மறுபடி டேனிஷுக்குத் திருப்பிச் சரிபார்ப்பதும் இந்தத் தவறைக் காட்டாது. ‘இசிக’வும் திரும்பி ‘வி’ என்றுதானே வரும்! ஆகவே வாக்கியத்தில் ‘இசிக’, ‘இஸஹை’ இரண்டில் எது வந்திருக்கிறது, வினையின் முதல் எழுத்து ‘மி’யா ‘ஹி’யா, மணி என்ன என்று மூன்றை மட்டும் உங்கள் கண்ணால் பாருங்கள். இந்த மூன்றையும் பார்க்க மலகாசி முழுதாகத் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

‘ஹூக’, ‘ஃபிஹவனானா’ போன்ற சொற்களைத் தொடக்கத்தில் மொழிபெயர்க்கவே முயல வேண்டாம். முதலாவது டேனிஷ்காரர் மெழுகுவர்த்தியும் காப்பியுமாக நெருங்கி உட்கார்ந்திருக்கும் சுகம், இரண்டாவது மலகாசிக்காரரின் உறவுப் பிணைப்பு. அப்படியே சொல்லிவிட்டு ஒரு வரி விளக்கம் கொடுங்கள்.

7. அந்த இரண்டு வரி, மறுபடி

சைக்கிள் கதைக்குச் சில வாரம் கழித்து மாடி வீட்டு அம்மா அதே மாதிரி இன்னொரு செய்தி கொடுத்தார். இந்தமுறை கீழே இறக்க வேண்டியது ஒரு மேசை. மறுபடி ‘வி ஸ்பீசர் க்லொக்கென் ஹால் ஸ்யூ’. நான் அவர் வீட்டு வாசலில் நின்றே கேட்டேன்: நீங்களும் உங்கள் கணவரும் மட்டும்தானே? ஆமாம் என்றார். இன்றைக்குத்தானே? ஆமாம். தமிழில் சொல்லிப் பார்த்தேன்: நாங்கள், ஆறரைக்கு, சாப்பிடுவோம். திருப்பினேன்: ‘ஹிசகாஃபு அமினி எனின சி சசானி இஸஹை’. சாப்பிடுவோம், ஆறரைக்கு, நாங்கள். அடுத்த வரி ‘அவியா அவுரியானிஸை, அஸஃபாதி, தும்ப்புகு’. அதற்குப் பின் வாருங்கள், தயவுசெய்து, ஐயா. அடைப்புக்குள் 18.30 என்று இலக்கத்திலும் எழுதினேன். ‘அஸஃபாதி’யும் ‘தும்ப்புகு’வும் அவர் எழுதியதில் இல்லை, நான் சேர்த்தது.

ஐந்து நிமிடத்தில் பதில் வந்தது: ‘மிசாவ்ட்ர தும்ப்புகு’. அம்மாவிடம் ‘தாக்’ என்றேன். அவர் கைப்பேசியை எட்டிப் பார்த்துவிட்டு, அங்கே இரண்டு சொல் இருக்கிறதே, இன்னொன்று என்ன என்று கேட்டார். ‘உங்களுக்கான மரியாதை, டேனிஷில் அதற்குச் சொல் இல்லை’ என்றேன். எழுதிக் காட்டச் சொன்னார். ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்தேன். ஏழு மணிக்கு மேசையை எடுக்க வந்தவரிடம் அவர் அதைப் பார்த்து எழுத்துக்கூட்டி ‘தோம்போகோ’ என்று படித்தார். வந்தவர் சிரித்துவிட்டு, ‘தும்ப்புகு’ என்று மெதுவாகத் திருத்தினார்.